தும்மும் பலகை

மதினி,

இன்று காலை ஷெட்டைத் திறந்து, பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பியதும் எனக்கு ஒரு தும்மல் வந்தது. பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பினேன். நீங்கள் எப்போதும் நிற்கும் இடத்தில் அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன. தும்மினதுக்கு "நூறு" என்று ஆயுசு சொல்ல ஆள் இல்லை. நானே எனக்கு நூறு சொல்லிக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் உங்கள் மகள் வந்து போனதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் உங்களைக் கண்டாலே எனக்குப் பயம். என் வீட்டுக்காரரின் அக்கா, ராணுவக்காரரின் மனைவி, ஊர் ஊராகக் குடியிருந்து வந்தவர். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, நீங்கள் குவார்ட்டர்ஸில் பழகிய ஒரு வித்தையையும் கூடவே கொண்டுவந்தீர்கள். ஒரு கப்பில் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, அதை அப்படியே பலகையில் கவிழ்த்து, பலகையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஓடவிடுவீர்கள். தூரிகை கிடையாது, பென்சில் கிடையாது. "படம் வரையத் தெரியாத எவளோ கண்டுபிடிச்ச படம் ட்டி இது" என்றீர்கள். நான் அப்போது மில்லில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் இந்த ஷெட்டைப் பிடித்து, மில்களின் பழுதான போர்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் உங்களுக்கு இடம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஓரம் எனக்கும் ஷெட் உங்களுக்கும் என்றாகிவிட்டது.

மதுரையிலிருந்து அந்த இன்டீரியர் காண்டிராக்டர் வந்தது நினைவிருக்கிறதா? நீலமும் வெள்ளையுமாக நீங்கள் செய்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு, புது லாட்ஜ் ஒன்றில் எல்லா அறைக்கும் இதே போலவே வேண்டும் என்றார். "இதே போலன்னா? நேத்து பெஞ்ச மழையை இன்னிக்கும் அதே போல பெய்யச் சொல்லுவீகளா?" என்று கேட்டீர்கள். அவர் போனபிறகு மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். பெரிய பலகைகளைத் தூக்கிச் சாய்த்து உங்கள் கை வீங்கிப்போயிருந்தது. ஆனால் அந்த ஆர்டரைக் கைவிட உங்களுக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அந்தச் சாய்வை அறியும் சில்லு அதற்குள் இருக்கிறது. என் பழைய போனை உங்கள் பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டினேன். பெயிண்ட்டையும் தண்ணீரையும் தராசில் நிறுத்துக் கலந்தோம். நீங்கள் வழக்கம்போல் சாய்த்துக்கொண்டே போனால் போதும், எந்த நொடியில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று போன் குறித்துக்கொள்ளும். பிறகு அதே சாய்வை மோட்டார் வைத்து எத்தனை பலகைக்கு வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நீங்கள் தும்மினீர்கள். சாதாரணத் தும்மலா அது? பலகையே வெட்டி இழுத்தது. "நூறு" என்றேன் நான். "நூறாவது இருநூறாவது! நல்ல காரியம் தொடங்கையில ஒத்தத் தும்மல் ஆகாது. அழிச்சிரு ட்டி, பொறவு பாப்போம்" என்றீர்கள். நான் அழிக்கப் போனேன், அதற்குள் நீங்களே "செத்த நேரம் இரு" என்றீர்கள். கீழ் மூலையில், பலகை வெட்டிய இடத்தில், வெள்ளை நிறம் பாறையில் மோதிய தண்ணீர் போல இரண்டாகப் பிரிந்து ஓடியிருந்தது. நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மோட்டார்களை மாட்டி, பலகையைத் தாங்கும் சட்டத்தைச் செய்து முடித்து, முதல்முறை ஓடவிட்ட அன்று நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் நின்றீர்கள். பலகை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, தயங்கியது, முன்னால் குனிந்தது. உங்கள் தயக்கம், உங்கள் குனிவு. "ஏட்டி, என் கையைக் கழத்தி இதுல மாட்டிட்டியா?" என்றீர்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பலகை வெடுக்கென்று வெட்டியது. என்னை அறியாமல் "நூறு" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் உங்களுக்குக் கவலை வந்துவிட்டது. மிசின் தும்மினாலும் ஒற்றைத் தும்மல் ஒற்றைத் தும்மல்தானே? தும்மலை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னீர்கள். கம்ப்யூட்டரில் அந்த வெட்டை மட்டும் நீக்கி ஓட்டிக் காட்டினேன். நிறங்கள் வழவழவென்று வழிந்து ஒரு பக்கம் போய்த் தேங்கின. "இது யாரு செஞ்சது? நான் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தும்மலும் வேண்டும், தோஷமும் கூடாது. கடைசியில் நீங்களே வழி கண்டுபிடித்தீர்கள்: "ரெண்டு தும்மல்னா நல்ல சகுனம். எப்ப ஓட்டினாலும் ஜோடியா ஓட்டு."

அன்று முதல் அதுதான் சட்டம். முதல் பலகைக்கு நூறு, அடுத்ததற்கு இருநூறு. அச்சு அசலாக ஒன்றுபோல் வராது, அக்காள் தங்கை போல வரும். காண்டிராக்டர் அந்த டிசைனுக்கு "அருவி" என்று பெயர் வைத்துக்கொண்டார். நமக்குள் அது "தும்மல்"தான். "ஏன் எப்பவும் ஜோடியாவே தர்றீங்க?" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "அது எங்க கம்பெனி பாலிசி" என்றீர்கள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பேச மூச்சு போதவில்லை. அப்போதும் கேட்டீர்கள்.

"மிசினு ஓடுதா?"

"ஓடுது மதினி."

"தும்முதா?"

"தும்முது."

"நூறு சொல்லுதியா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

நீங்கள் போனபிறகு மற்ற டிசைன்களை ஓட்டினேன். அருவியை மட்டும் ஓட்டவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அந்த நீலம் வருவதில்லை என்று சொன்னேன். பொய்தான், டப்பா அலமாரியில்தான் இருந்தது. ஆளில்லாமல் அந்தப் பலகை உங்களைப் போலச் சாய்வதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள். செண்பகத்தோப்புப் போகிற ரோட்டில் வீடு கட்டியிருக்கிறாள். வாசலில் நின்றால் மலை தெரிகிறதாம். பால்காய்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. "அத்தை, ஹால்ல அம்மா செஞ்சது ஒண்ணு மாட்டணும். வீட்டுல ஒண்ணுகூட இல்ல. விக்காததை அம்புட்டையும் கேட்டவுகளுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டாக" என்றாள். உங்களைப் பற்றி அவள் பட்ட ஒரே குறை இதுதான் மதினி. அவளுக்கு அருவிதான் வேண்டுமாம்.

எப்படி மறுப்பது? ஆனால் புது வீட்டுக்குப் போகிற பொருள், அதில் ஒரு தும்மல் இருப்பதை மறைப்பதும் சரியில்லை என்று பட்டது. கதையைச் சொன்னேன். அந்த வெள்ளைக் கிளை உங்கள் தும்மல் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "தும்மலோடவே ஓட்டுங்க அத்தை. எனக்கு அதுதான் வேணும்."

கப்பைக் கவிழ்த்தேன். சுவிட்சைப் போட என் விரல் ஒருமுறை பின்வாங்கியது. அவளே போட்டாள். பலகை இடப்பக்கம் சாய்ந்தது. தயங்கியது. முன்னால் குனிந்தது. அடுத்து வெட்டப் போகிறது என்று எனக்குத் தெரியும், சொல்ல வாயைத் திறந்தேன். பலகை வெடுக்கென்று வெட்டியது.

"நூறும்மா" என்றாள் அவள்.

நான் அழுதேன். அவளும் அழுதாள். அதற்குள் மிசின் நின்று, அடுத்த பலகைக்குக் காத்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கப்பைக் கலந்தேன். ஒற்றையாக விட்டுவிட்டு உங்களிடம் யார் பேச்சு வாங்குவது? இந்த முறை சத்தமாகவே சொன்னேன், இருநூறு என்று.

அவளுடையது காய்ந்து நேற்று வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது என்னுடையது. அட்டைப்பெட்டிகளை நகர்த்திவிட்டு நீங்கள் நிற்கும் இடத்தில் அதை மாட்டப் போகிறேன். மதுரைக்காரருக்கும் போன் செய்துவிட்டேன். அந்த நீலம் திரும்ப வந்துவிட்டது, அருவி எத்தனை வேண்டுமானாலும் தரலாம், ஆனால் ஜோடியாகத்தான் தருவேன் என்று சொன்னேன்.