ரோமில் இரண்டு இரவு, காலை உணவு சேர்த்து

ஜனவரி 14, செவ்வாய்

இன்றும் காற்று. துறைமுகத்துப் பக்க ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் ஆறு மணிக்கு விழிப்பு வந்து, நூற்றிருபது பிள்ளைகளுக்கு இன்று என்ன என்று யோசித்துவிட்டு, பிறகு எழுந்து இரண்டு பேருக்குக் காபி போடுகிறேன்.

வாஸ்கோவிடம் சொன்னேன்: "ரோமுக்குப் போகலாம். மூணு நாள். சுத்திப் பாக்க."

"ஒம்போது தடவை போயிருக்கேனே!"

போயிருக்கிறான். ஒன்பது தடவையும் துறைமுகத் தொழிற்சங்கத்துப் பேருந்தில், ஊர்வலத்துக்கு. இரண்டு தடவை நானும் போனேன். கொலோசியத்தைத் தாண்டித்தான் நடந்தோம். பார்க்கவில்லை. முன்னால் போனவனின் கொடி மறைத்தது.

ஜனவரி 17

ஏப்ரல் முதல் வாரம். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே வெள்ளி போய் ஞாயிறு மாலை திரும்புவது. வேக ரயில் வேண்டாம். எல்லா ஊரிலும் நின்று போகிற ரயிலே போதும். சாப்பாடு கையோடு. பார்க்க வேண்டிய இடங்கள் பதினான்கு எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

மாலையில் பார்த்தால் பதினைந்தாவதாக வாஸ்கோ கையெழுத்தில் ஒன்று: "உட்காருவது."

ஜனவரி 21

ரோமில் விடுதி வாடகையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே தொகைதான். இது புனித ஆண்டாம். உலகத்து யாத்ரீகர்கள் எல்லாம் அங்கேதான்.

வாஸ்கோ சொல்கிறான்: "அறுபத்தெட்டு வருஷம் வீட்டுலயே கிடந்துட்டு, சரியா போப்பாண்டவர் வீட்டு விசேஷத்துக்கா கிளம்பணும்?"

ஜனவரி 23

கிடைத்துவிட்டது! கன்னியர் மடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். விருந்தினர் அறை, இரண்டு இரவு, காலை உணவு சேர்த்து, விடுதி விலையில் மூன்றில் ஒரு பங்கு. தொலைபேசியில் சிஸ்டர் பெனில்தே. குரல் சந்தையில் மீன் விற்பவள் குரல் மாதிரி, நல்ல கணீர்.

"நீங்களும் வீட்டுக்காரருமா?"

"ஆமா சிஸ்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் ஒரே கூரை, ஒரே கட்டில். ஆனால் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் எங்கள் படுக்கையறையில் வேலை இல்லை என்பது கொள்கை. அவனுடையது மட்டுமல்ல, என்னுடையதும். இருபத்தொன்பது வயதில் சங்கக் கட்டடத்து நாற்காலி மேல் ஏறி நின்று இதைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

ஜனவரி 27

மடத்திலிருந்து மின்னஞ்சல். "தம்பதியர் அறைக்குத் திருமணச் சான்றிதழின் நகல் அல்லது உங்கள் பங்குச் சாமியாரின் கடிதம் தேவை. இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக."

வாஸ்கோ அதை மூன்று தரம் படித்தான். "கடைசி வரி இலவசம்போல" என்றான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும். வாஸ்கோ கோயிலுக்குப் போனான்.

பூசைக்கு இல்லை, சண்டைக்கு. ஒரு மனிதன் யாரோடு தூங்குகிறான் என்பதற்குச் சாமியார் சாட்சி எதற்கு என்று கேட்கப் போகிறானாம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் வருவான் என்று இருந்தேன். மூன்றரை மணி நேரம் கழித்து, மூக்கு சிவந்து, கையில் ஒரு புட்டி ஒயினுடன் வந்தான்.

"என்ன ஆச்சு?"

"சீட்டாடினோம்."

"கடிதம்?"

"தரேங்கிறார். நான் நல்லவன்னு எழுதித் தராராம். கல்யாணம் ஆனவன்னு மட்டும் எழுத மாட்டாராம்." சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் எறிந்தான். "என்னைப் பாத்து நல்லவன்னு எப்படிச் சொல்லலாம் அந்த ஆளு? என்னைத் தெரியுமா அவருக்கு?"

அடுத்த ஞாயிறும் ஆட்டம் உண்டாம்.

பிப்ரவரி 6

இரவுச் சமையலுக்குக் கூனைப்பூவின் முள்ளை நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், வாஸ்கோ சொன்னான்: "பேசாம நகராட்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திடலாமா லொரே? காகிதம்தானே. அறை மலிவா வருது."

நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7

பேசவில்லை.

பிப்ரவரி 8

பேசவில்லை. அவனுக்குக் காரணம் தெரியவில்லை. வெந்தது சரியில்லையோ என்று நினைத்து எல்லாக் கூனைப்பூவையும் அவனே தின்று தீர்த்தான்.

பிப்ரவரி 9

கொட்டிவிட்டேன். கத்தியதில் மேல்மாடி இல்வா வந்து கதவைத் தட்டினாள்.

போன அக்டோபர். அவனுக்கு நெஞ்சு அடைத்து ஆம்புலன்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நீங்க அவருக்கு என்ன உறவுன்னு வாசல்ல இருந்த நர்ஸ் பொண்ணு கேக்கறா. என்னத்தச் சொல்ல? முப்பத்தெட்டு வருஷம்கிறது உறவா, வயசா? நல்ல பொண்ணுதான், ஆஸ்பத்திரி விதி அப்படி, அவ என்ன பண்ணுவா. சம்மதம் கேக்க க்ரோசெத்தோவிலிருக்கிற இவன் தம்பி அல்வாரோவைத்தான் கூப்பிட்டாங்க. நூத்தி முப்பது கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருக்கிற அல்வாரோ எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்றான், கதவுக்கு அந்தப் பக்கம் இவன் எப்படி இருக்கான்னு. ஒம்போது மணி நேரம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு அப்போ தோணல இவனுக்கு. அதுக்கப்புறமும் தோணல. ஒரு மலிவு அறைக்குத் தோணுது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ அங்கதான இருந்தே? கண்ணு முழிச்சப்ப நீதானே இருந்தே?"

"முழிச்சப்பறம்தான் உள்ள விட்டாங்க."

"சொல்லவே இல்லையே லொரே நீ."

சொல்லவில்லைதான். ஏன்? நாற்காலி மேல் ஏறிச் சொற்பொழிவு ஆற்றியவள் எந்த முகத்தோடு சொல்வது?

பிப்ரவரி 11

குளித்துவிட்டு வருகிறேன். வாஸ்கோ கூடத்தில் நின்றுகொண்டு தொலைபேசியில் பேசுகிறான். உட்காரவில்லை, பெரிய மனிதர்களோடு பேசும்போதுதான் நிற்பான்.

"இல்ல சிஸ்டர், ஆகல. பொய்தான். … அவ இல்ல, நான்தான் சொல்லச் சொன்னேன்."

(இல்லவே இல்லை.)

"முப்பத்தெட்டு வருஷம் சிஸ்டர். … ஆமா, ஒரே ஆளோடதான்."

சிஸ்டர் பெனில்தேயின் குரல் குளியலறை வாசல்வரை கேட்டது: "எங்க மடத்துல இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சவங்க மூணே பேருதான்யா! ஆனா விதின்னா விதி. அறையை ரத்து பண்ணிடறேன்."

"பண்ணிடுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். என் தலையில் துண்டு, காலில் தண்ணீர் சொட்டுகிறது.

"அறை போச்சு" என்றான். "ரோமும் போச்சு. இனிமே எனக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. இப்போ கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 12

யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சமையலறைக்குள் வரும்போதெல்லாம் இருமிவிட்டு வருகிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13

சரி என்றேன். அடுத்த நிமிடமே மீன் வாங்கப் போய்விட்டான், அழுததை நான் பார்க்கக்கூடாதென்று.

மார்ச் 3

யாருக்கும் தெரியாமல் முடிக்கலாம் என்று எண்ணினோம். மணமக்கள் பெயரை எட்டு நாள் ஊரறிய வெளியிட்டாக வேண்டும் என்பது நகராட்சிச் சட்டம். எங்களுக்கு மறந்துபோனது, சங்கத்து ஆட்களுக்கு மறக்கவில்லை. இன்று காலை சங்கச் சுவரில் ஆள் உயரச் சுவரொட்டி:

"முதலாளித்துவத்துக்கும் மதத்துக்கும் நாற்பது ஆண்டு தலை வணங்காத தோழர் வாஸ்கோ, காலை உணவுடன் கூடிய அறைக்கு வீழ்ந்தார்."

சுற்றிலும் கறுப்புக் கட்டம், சாவு அறிவிப்பு மாதிரி. அறை விஷயத்தை மேல்மாடி இல்வாதான் சொல்லியிருக்க வேண்டும்.

"அறை ரத்து ஆயிடுச்சுடா!" என்று ஒவ்வொருவரிடமும் போய் விளக்கினான். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. "அட, சும்மாவே விழுந்துட்டியா?" என்கிறார்கள்.

மார்ச் 20

கையெழுத்துப் போட்டோம். பதினோரு நிமிடம். மழை.

மார்ச் 21

மனசு கேட்காமல் மடத்துக்கு ஃபோன் போட்டேன். வேறு தேதியாவது கிடைக்குமா என்று கேட்கத்தான்.

"அதே தேதிதான், அதே அறைதான்" என்றார் சிஸ்டர் பெனில்தே. "நான் யாருக்கும் கொடுக்கலையே."

"ரத்து பண்ணிட்டதா சொன்னீங்களே சிஸ்டர்?"

"அந்தப் பொய்யைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்மா. சான்றிதழை அனுப்பும்மா, பாக்கலாம்."

ஏப்ரல் 4, வெள்ளி, ரோம்

நாலரை மணி நேர ரயில். முட்டை அடை ஒர்பெத்தெல்லோ ஸ்டேஷன் தாண்டுவதற்குள் காலி. அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் ஒரு மேசை, மேசை மேல் மாதா. சான்றிதழ் அனுப்பியும் இந்தக் கதி! வாஸ்கோ மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேசையை நகர்த்தினான்.

சிஸ்டர் பெனில்தே நான்கரை அடிதான் இருப்பார். எழுபத்தொன்பது வயதாம்.

ஏப்ரல் 5

காலை உணவின்போது சுவருக்குள் ஏதோ கிறீச்சிட்டது. வாஸ்கோ ரொட்டியைக் கீழே வைத்தான். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். இரும்புக் கயிறு அழுதால் அவனால் உட்கார முடியாது.

"அது என்ன சத்தம் சிஸ்டர்?"

கீழ்ச் சமையலறையிலிருந்து மூன்று மாடிக்குச் சாப்பாடு ஏற்றும் சின்ன லிஃப்டாம். பாதியில் நின்று போகிறதாம். படுக்கையிலிருக்கும் வயதான சிஸ்டர்களுக்குச் சூப் சட்டியைக் கையில்தான் தூக்கிப் போகிறார்களாம்.

"பத்தே நிமிஷம்" என்றான் என்னிடம்.

பதினான்கு இடங்களில் இன்று நான் பார்த்தது ஐந்து. அவன் பார்த்தது ஒரு கப்பி.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் எட்டிப்பார்த்தேன். வாஸ்கோ சுவர்ப் பொந்துக்குள் இடுப்புவரை நுழைந்திருந்தான். சுற்றி நான்கு சிஸ்டர்கள், ஒருவர் கையில் விளக்கு, ஒருவர் கையில் மசகெண்ணெய். "இழுங்க தோழர் சிஸ்டர், இழுங்க!" என்று உள்ளிருந்து குரல். இழுத்தார்கள். பெட்டி மேலே போனது. பொந்துக்குள் வாஸ்கோவின் தலை இருப்பதை மறந்து எல்லாரும் கயிற்றை விட்டுக் கை தட்டினார்கள். நல்லவேளை, பெட்டி மேலேயே நின்றது.

இன்று கிளம்ப விடமாட்டார்களாம். செவ்வாய் வரை அறை இலவசம். துணி உலர்த்தும் கொடிக்கும் கப்பி போட வேண்டும். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

கொலோசியத்தில் இலவச வரிசை பக்கத்துத் தெருவரை நின்றது. வெளியே நின்றே பார்த்தேன். கொடி எதுவும் இல்லை, முழுசாகத் தெரிந்தது. பெரிது. பிறகு ஜானிக்கோலோ குன்றுக்கு மெதுவாக ஏறி, ஊர் முழுவதும் கீழே விரிந்து கிடக்க, ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். பெர்காமோவிலிருந்து வந்த தம்பதி, என்னைப் படம் எடுத்துத் தரவா என்று கேட்டார்கள். அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"இல்லைங்க. என் கணவர் கன்னியர் மடத்துல இருக்கார்."

அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினார். அவருடைய கணவர் தொப்பியைக் கழற்றினார்.

அவன் சாகக் கிடக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்போல. திருத்தியிருக்கலாம். ஆனால் 'கணவர்' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று நான் யோசித்துக்கொண்டிருப்பதற்குள் அவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள்.