பூ கட்டிக் கேட்காத பெயர்

ஆவணி 22, ஞாயிறு

காலையில் தூறல். செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சி தெரியவில்லை. முட்டி வலி.

நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். மனசில் சுற்றுவதை வெளியே போட்டால் உறக்கம் வருமா, பார்ப்போம்.

எந்த வருஷம் என்று பிற்பாடு யாராவது கேட்டால்: மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய வருஷம். தை பிறந்ததும் பெயர் மாறிற்று, தை முடிவதற்குள் முதலமைச்சர் போய்விட்டார். ஆடியில் நிலாவில் மனிதன் இறங்கினான் என்று டீக்கடை ரேடியோ சொன்னது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் வந்தது. கரண்ட் வரவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பெயர். பஞ்சாயத்தில் புதிதாக இரண்டு ஓட்டுக் கட்டடம். ஒன்று வல்லம் பக்கம், ஒன்று நம் ஊர் ஓரத்தில், பழைய கூரைப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில். ஊருக்கு உழைத்தவர் பெயரை ஊரே சொல்லட்டும் என்றார் தலைவர். வல்லம் பக்கத்தில் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடிந்ததாம். நம் ஊரில் நடக்குமா.

ஒரு நிபந்தனை. செத்தவர் பெயராக இருக்க வேண்டும்.

இன்றைய ஊர்க்கூட்டத்தில், கூரைப் பள்ளிக்கூடத்தை உண்டாக்கியது யார் யார் என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன்.

நிலம் விட்டவர் மளிகைக்கடை தரணேந்திர நயினார். போய்விட்டார்.
மண்சுவர் வைத்தது கொத்தனார் ஏழுமலை. போய்விட்டான்.
மத்தியானம் கஞ்சி ஊற்றியவள் என் பெண்சாதி அலமேலு. போய்விட்டாள்.
வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்து வந்தவள் பூங்காவனம். இருக்கிறாள்.

“இருக்கிறவங்க பேச்சு இன்னாத்துக்கு பெரியவரே?” என்றார் தலைவர். சிரிப்பு.

“உசுரோட இருக்கிறவ பேரைக் கல்லுல வெட்டினா ஆயுசு கொறைஞ்சிடும்யா” என்று பின்னாலிருந்து ஒருவன்.

அவ்வளவுதான், பூங்காவனம் முடிந்தாள். மற்ற மூன்று பேருக்காகவும் அவரவர் மகன்கள் சண்டை.

நயினார் மகன்: “நெலமே எங்களுது.”
ஏழுமலை மகன்: “செவுரு இல்லாத நெலத்துல மாடுதான் மேஞ்சிருக்கும்.”
என் மகன் முருகேசன்: “கஞ்சி ஊத்தலைன்னா உன் செவுத்துக்குள்ள எவன்டா உக்காந்திருப்பான்?”

கடைசியில், மேல்மலையனூர் அம்மனிடமே பூ கட்டிக் கேட்டுவிடுவது என்று முடிவு. அமாவாசையன்று. எல்லோருக்கும் சம்மதம்.



ஆவணி 24, செவ்வாய்

வெயில். ஆடு ஒன்று கயிறு அறுத்துக்கொண்டு போய் நயினார் வீட்டு அகத்திக் கீரையைத் தின்றுவிட்டது. ஏற்கெனவே அந்த வீட்டோடு மனஸ்தாபம்.

முருகேசனுக்குக் கால் தரையில் இல்லை. போர்டு எழுதுகிறவனிடம் பேசி வைத்துவிட்டான். “அம்மா படம் ஒண்ணுகூட இல்ல நைனா. பேராவது இருக்கட்டும்.” படம் இல்லாதது நிஜம்.

கட்டடத்தைப் பார்க்கப் போனேன். சுண்ணாம்பு வாடை. உள்ளே போய் நின்றேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே. மேஸ்திரி கேட்டே விட்டான்: “இன்னா பெருசு, ஏதாவது தொலைச்சிட்டியா?”

பூங்காவனம் ஞாபகமாகவே இருக்கிறது. மல்லாட்டை பிடுங்குகிற பருவம் வந்தால் பள்ளிக்கூடம் காலி. பிள்ளைகள் எல்லாம் கொல்லைக்காட்டில், செடியிலிருந்து கடலைக் காய் ஆய்ந்துகொண்டு. இவள் வரப்பேறிப் போய், மடியில் காயோடு இருக்கிற பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு வருவாள். நிலத்துக்குச் சொந்தமான காணிக்காரர்கள் வைவார்கள். இவள் திருப்பி வைவதைக் கேட்டால் காது கூசும். அதற்குப் பிறகு அவளை யாரும் நடவுக்கோ களைக்கோ கூப்பிடவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூலியும் போனதும் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டாள். ஊரில் பாதிப்பேர் அவள் செத்தே போனதாக நினைப்பு.

கஞ்சிச் சட்டியை இறக்கியதும் அலமேலு சொல்வாள், “பூங்கா வராம தொடாதீங்க.”

செல்வி பென்சிலை நிறுத்தினாள். “இதையும் எழுதணுமா மாமா?”

எழுது.

ஆவணி 26, வியாழன். அமாவாசை

ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஒரு கோழி என் கால்மேல். மேல்மலையனூரில் தலை தலையாகக் கூட்டம், வேப்பிலை, சாம்பல், உடுக்கை.

பூசாரி மூன்று பொட்டலம் கட்டினார். நயினாருக்கு வெள்ளை மல்லி, ஏழுமலைக்குச் செவ்வரளி, அலமேலுவுக்கு மஞ்சள் சாமந்தி. வாழையிலையில் மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். சாமி கும்பிட வந்த யாரோ ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள்.

சாமந்தி.

முருகேசன் தரையில் விழுந்து கும்பிட்டான். ஏழுமலை மகன்கூட வந்து அவன் தோளைத் தட்டினான். “ஆத்தா சொல்லிட்டா. இனி பேச்சில்ல.” சண்டை ஓய்ந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர். பொய் சொல்வானேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது வேலி ஓரம் அடுப்பு வைத்து வேகவைத்த மல்லாட்டை விற்கிற கிழவி. பூங்காவனம்தான். அமாவாசைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். நம் ஆட்கள் அத்தனை பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் நின்றேன்.

“இன்னா அண்ணே, இன்னும் உசுரோட சுத்துறியா?”

“உன்ன வுட்டுட்டுப் போவ மனசில்ல.”

“வாய் மட்டும் கிழடாவல.”

விஷயத்தைச் சொன்னேன். கரண்டியால் காயைக் கிளறியபடியே கேட்டாள்.

“அண்ணி பேரா? நல்லதுதான். அண்ணி கை மணம் யாருக்கு வரும்.” பிறகு, “கதவு வச்சிருக்காங்களா அண்ணே?”

“ரெட்டைக் கதவு. தாழ்ப்பாளோட.”

“அப்பல்லாம் ஏது கதவு? வாத்தியார் திரும்பினா பசங்க ஓடிப்பூடும். வாசல்ல குறுக்கால நான்தான் குந்திக்கினு இருப்பேன், சாயங்காலம் வரைக்கும்.” சிரித்தாள். ஒரு பல்கூட இல்லை.

பஸ்ஸில் எல்லோரும் பாட்டு. நான் பாடவில்லை. மூன்று பூ கட்டினோம். கட்டாத பூவை அம்மன் எப்படி எடுத்துக் கொடுப்பாள்?

ஆவணி 27, வெள்ளி

செஞ்சிச் சந்தை. பிள்ளையார் சதுர்த்தி வருவதால் களிமண் பிள்ளையார்கள் வரிசையாகக் காய்கிறார்கள். ஒருவருக்குத் தும்பிக்கை உடைந்திருந்தது.

பூங்காவனம் சந்தை வாசலில். நேராகக் கேட்டேன். “உன் பேரைச் சொல்லட்டுமா? கல்லுல வெட்டினா ஆயுசு கொறையுமாம்.”

“கொறையிறதுக்கு இன்னா மிச்சம் கீது?” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எனக்குப் பின்னால என் பேரைச் சொல்ல ஒரு புள்ள இல்ல அண்ணே. சொல்லு. ஆனா உம்மவன் உன்ன வூட்ல சேப்பானா?”

அதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். ஆட்டை மாற்றிக் கட்டினேன். பழையபடி கட்டினேன். அலமேலுவிடம் கேட்கலாமென்றால் படம்கூட இல்லை.

முருகேசனிடம் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். கையை உதறிவிட்டு எழுந்தான்.

“பெத்த அம்மாவுக்கு சாமியே குடுத்ததைப் புடுங்கப் பாக்கிறியா நைனா?”

“சாமிகிட்ட நாம முழுசாக் கேக்கலடா.”

“அந்தக் கிழவி உனக்கு இன்னா ஆவணும்?”

செல்வி நடுவில் வந்து நின்றாள். அவன் வெளியே போய்விட்டான்.

இதை எழுதும்போது அவள் முகத்தைத் தூக்கவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது.

புதுக் கட்டடத்திலேயே கூட்டம். செல்வியும் வந்தாள். முருகேசன் என் பக்கத்தில் உட்காரவில்லை. போர்டு எழுதுகிறவன் வெள்ளைப் பலகையோடு தயாராக.

தலைவர் எழுந்தார். “ஆத்தா உத்தரவு ஆயிடுச்சி. பெரியவர் வாயால பேரைச் சொல்லட்டும். அவர் சம்சாரம்தானே.”

கைதட்டினார்கள். எழுந்தேன்.

“அலமேலு என் பெண்சாதி. கஞ்சி ஊத்தினா. குடிக்கப் புள்ளைங்க இருந்ததாலதான் ஊத்தினா” என்றேன். “அந்தப் புள்ளைங்களைக் கொண்டாந்தவளுக்கு நாம பூவே கட்டல.”

“செத்தவங்க பேருதானே பெரியவரே சட்டம்?” என்றார் தலைவர்.

“சட்டத்தை நீங்க பாருங்க. நான் பேரைச் சொல்றேன்.”

முருகேசனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போர்டு எழுதுகிறவன் பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டு, முதல் எழுத்து என்ன என்று என்னைப் பார்த்தான்.

பூங்காவனம் என்றேன்.