ஏற்றத்தில் எரியும் லைட்

வாப்பா,

கெப் வண்டியின் சாவி குசினி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இன்று நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கோபம் கொஞ்சம்தான்.

ஏற்றத்தில் டேஷ்போர்ட் லைட் எரிகிறது என்றால், "எனக்கு ஒருநாளும் எரியல்ல, பெடலை மிதிக்கிற உன்ட கால்தான் பிழை, மகள்" என்று நேற்றும் சொன்னீர்கள். மீன் பெட்டிகளோடு ஓர்ஸ் ஹில் ஏறுவது நான். இறக்கிய பிறகு வெறும் கெப்பைத் தோப்பூருக்கு ஓட்டுவது நீங்கள்.

இன்று சுபஹு தொழுகைக்குப் பிறகு கெப்பின் பின்தட்டில் ஒரு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றி அந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் பின்னுக்கு ஓடி, மூலை ஓட்டையால் இடது பின் சில்லின் சென்சர் வயரில் கொட்டுகிறது. வயரின் தோல் உரிந்திருக்கிறது. நனைந்தால் சறுக்கல் லைட்டும் நாலு சில்லு லைட்டும் சேர்ந்து எரிகின்றன, காய்ந்தால் அணைகின்றன. மீன் பெட்டி ஐஸ் கரையும்போதும் இதுதான் நடக்கிறது.

இன்றே முனாஸ் நானாவின் கராஜில் காட்டுங்கள். புட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அம்ரா

சண்டைக்குப் பிறகும் எனக்கென்று நீங்கள் எடுத்து வைத்திருந்த பாரை மீன் நடுத்துண்டைச் சாப்பிட்டுவிட்டேன்.

முனாஸ் நானாவிடம் வேண்டுமானால் நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். உம்மாவிடம் மட்டும் என் காலில் பிழையில்லை என்று சொல்லிவிடுங்கள்.