உப்பு ஜாடி இருந்த இடம்

ஆம்பூர்
5.12.1998

அன்பு மகள் எப்சிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ஜோவினும் கர்த்தருடைய கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லை. பதறாதே, முழுவதும் படித்துவிட்டு யோசி.

போன கடிதத்தில் லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டு டியூட்டிக்குப் பிந்திப் போய் மேட்ரனிடம் திட்டு வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். வாங்கத்தான் வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவி ஆணிக்குப் போக வேண்டும், அப்புறம்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். யூனிபார்மை முதல் நாள் சாயங்காலமே எடுத்து வைக்க வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிற பையில் வேறு காகிதம் நுழையக் கூடாது. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், தோல் கட்டுகள் மேல் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் கற்றேன். ஆனாலும் கம்பெனியில் தோலை ரகம் பிரித்த காலமெல்லாம் என் சாக்கட்டி எங்கே, கத்தி எங்கே என்று ஒருவரையும் கேட்டதில்லை. பாதி பிரித்த தோலை மேஜையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் இல்லை, மறுநாள் பார்த்தால் கண் வேறு மாதிரி சொல்லும். அதே ஒழுங்கைத்தான் வீட்டிலும் வைத்தேன். அதற்கு நீ எனக்கு வார்டன் என்று பேர் வைத்தாய். இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்காகப் போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சாமானெல்லாம் வெளியே வந்ததால், திரும்ப அடுக்கும்போது இன்னும் நன்றாக அடுக்கலாம் என்று நானே அலமாரியை மாற்றினேன். உப்பு ஜாடி மேல் தட்டுக்குப் போனது. குளியலறையில் இன்னும் ஈரம் காயவில்லை என்று அங்கிருந்த சலவை சோடா ஜாடியை உப்பு இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி பீங்கான் ஜாடி. அம்மாவிடம் சொன்னேனா என்று கேட்பாய். கண்ணுக்கு நேரே இருப்பதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அவள் குழம்பு வைத்து, வழக்கம்போல முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு அன்வரி பேகத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அந்தம்மா நுனி நாக்கில் வைத்த உடனே நாக்கு எரிகிறது என்று ஓடிவந்தது. நல்ல வேளை, விழுங்கவில்லை. நான் அம்மாவைச் சத்தம் போட்டேன். அன்வரி பேகம் என் சத்தத்தைக் காதில் வாங்காமல் அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் மெதுவாகக் கையை ஆட்டிப் பார்த்தது. அம்மா திரும்பவில்லை. “இன்னா அண்ணே, தோல்ல ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட கண்டுபுடிப்பீங்களாம். ஊட்ல இருக்குறவங்க கண்ணு உங்களுக்குத் தெரியலயா?” என்று கேட்டுவிட்டுப் போனது. இரண்டு நாள் அந்த அம்மாளிடம் நான் பேசவில்லை. அப்புறம் நானே போய் வேலூர் கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்கிறார்கள். உனக்கு அதன் பேர் தெரியும். நேராக இருப்பது வெளிச்சத்தில் தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரியாது, நம் சமையலறை இருட்டில் எதுவுமே தெரியாது. போனது போனதுதான், சொட்டு மருந்து தவறாமல் விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பல வருஷமாக இருக்கிறதாம். குடும்ப ஜெபத்தில் நீங்க படிச்சா நல்லா இருக்கு என்று வேதாகமத்தை என் கையில் கொடுத்தாளே, குரலுக்காக என்று நினைத்து நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்ததால் அவள் கையே அவளுக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா சாவி மாதிரி என்னையும் ஒரு எடத்துல மாட்டி வெச்சிருவீங்க” என்றாள்.

மே மாதம் நீ லீவில் வந்தபோது நடந்ததை இனி வேறு விதமாகப் பார். நீ ஒரே அளவில் வெள்ளை டப்பாக்கள் வாங்கிவந்து, பேர் எழுதி ஒட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பிஸ்கட் டின்னையும் கோணியில் கட்டிப் பின்னால் போட்டாய். நீ மஸ்கட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையில் அம்மா அத்தனையையும் திரும்ப எடுத்து வைத்திருந்தாள். இந்த வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம், நீயும் அவர் பக்கம்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு வரி எழுதவில்லை. அவள் என் பக்கம் நிற்கவில்லை, எப்சி. உன் டப்பா எல்லாம் தடவினால் ஒன்றுபோல் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அது தெரியாது. என் பக்கம்தான் என்று நினைத்து அன்றைக்கு சந்தோஷப்பட்டேன். நீயும் நர்ஸ்தானே, லீவு முழுக்கக் கூடவே இருந்தாயே, உனக்கும் தெரியவில்லை. குத்திக்காட்டுகிறேன் என்றே வைத்துக்கொள். ஒழுங்கு தப்பு என்று நான் இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அலமாரியை அவள் சொல்லச் சொல்லத் திரும்ப அடுக்கினேன். சாவி ஆணியையும் அவள் கைக்கு வாகாகக் கீழே இறக்கி அடித்தேன். பழைய ஓட்டை புது வெள்ளையில் அசிங்கமாகத் தெரிகிறது. தெரியட்டும்.

நீ கடிதம் எழுதினால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அம்மாவும் மகளும் பேசுவதற்கு நடுவில் நான் வேண்டாம். லீவு கேட்டு வா, அதுவரை அன்வரி பேகம் வீட்டு நம்பருக்கு ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்தில் போன் பண்ணு, அம்மாவைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நான் வெளியே நிற்கிறேன். உனக்கு என்ன எழுத வேண்டும் என்று அவளைக் கேட்டேன். உன் டப்பா எல்லாம் ரொம்ப அழகாக இருந்தது என்று எழுதச் சொன்னாள். அவை பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன.

ஜோவினுக்கு எங்கள் முத்தம். மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொல். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. வரும்போது செருப்பை வாசலில் இடது பக்கமாகச் சுவரை ஒட்டிக் கழற்றிவிடு, பெட்டியை நடையில் வைக்காதே. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வது அம்மாவுக்காக.

இப்படிக்கு,
உன் அப்பா
சா. ஏசுராஜ்