வாடகை ஏறாத வீடு

ஜனவரி 7, 2025, செவ்வாய்

ஊழியர்கள் வருமான வரிக்கு ஆதாரம் கொடுக்கும் மாதம். சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பொங்கலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இன்று முழுக்க வீட்டுக் கடன் சான்றிதழ்கள். பாதிப் பேருக்கு இரண்டாவது வீடு. வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வருகிற வாடகையைவிட வங்கிக்குக் கட்டும் வட்டி அதிகம், அதனால் நஷ்டம், அதனால் சம்பளத்துக்கு வரியைக் குறை. இரண்டு வீடு வைத்திருப்பவனுக்கு நஷ்டமாம்! வாடகை வீட்டில் இருக்கிற நான் சரி பார்த்து அனுப்ப வேண்டுமாம்.

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

ஜனவரி 9

கேன்டீனில் தீபிகாவோடு சண்டை. டெஸ்டிங் டீம் பெண். வர்தூர் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறாள். பழைய வரிமுறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், புதியதில் முடியாது. பட்ஜெட்டில் இதை மாற்றச் சொல்லி மனு ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். என்னிடமும் நீட்டினாள். என்னிடமா!

"நீ முதலீடு பண்ணி நஷ்டப்பட்டா அது உன் பாடு. ஊர் எதுக்கு உனக்குத் தண்டம் அழணும்?" என்றேன்.

"நாங்க வாங்கி விடலன்னா நீங்க எங்கக்கா குடியிருப்பீங்க? ரோட்லயா?"

"நீங்கள்லாம் போட்டி போட்டு வாங்கினதாலதான்டி எங்களால ஒண்ணுகூட வாங்க முடியல."

பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. அவள் குரலே உயரவில்லை. "உங்க ஓனர் ஏன் இத்தனை வருஷமா வாடகை ஏத்தலன்னு யோசிச்சீங்களா? நஷ்டம் பெருசா இருந்தாதான் அவருக்கு வரி மிச்சம்."

சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்துவிட்டேன். 

ஜனவரி 10

எங்கள் ஓனர் நாகேஷ் சாரைத் தங்கமான மனுஷன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. ஆஸ்டின் டவுனில் அப்பா காலத்து வீட்டில் மனைவி மமதாவோடு இருக்கிறார். வைட்ஃபீல்டில் கடன் வாங்கி இந்த ஃபிளாட்டை வாங்கிப் போட்டார். கொரோனா சமயத்தில் குறைந்த வாடகைக்கு எங்களை வைத்தவர் அதன் பிறகு ஒரு ரூபாய் ஏற்றவில்லை. எதிர் வீட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள். என் மகள் அனுஷாவின் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, ஒற்றைச் சம்பளத்தில் நான் மூச்சு விடுவதே இந்த வாடகையால்தான். அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது. பள்ளி வளாகத்திலேயே பிளஸ் டூவுக்கு பி.யு. காலேஜ், நடந்தே போகலாம், தோழிகள் எல்லாரும் அங்கேதான்.

அப்போ அது நல்ல மனசு இல்லையா? நான் அவருடைய வரிக் கழிவா? நினைக்க நினைக்கக் கூசுகிறது.

ஜனவரி 14

செய்திருக்கக் கூடாது. சொல்லியிருக்கக் கூடாது.

சங்கராந்தி என்று நாகேஷ் சார் எள்ளு வெல்லம் கொண்டுவந்தார், மமதா கொடுத்தனுப்பியது. காபி கொடுத்தேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "பட்ஜெட்ல வீட்டுக்காரங்களுக்கு எதனா செய்வாங்களா மேடம்? உங்களுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ.

"உங்களுக்கென்ன சார் கவலை? வாடகையக் கம்மியா வச்சு நஷ்டம் காட்டிட்டே இருக்கலாம். நான் இங்க இருக்கறவரைக்கும் உங்களுக்கு லாபம்தானே? நான் என்னமோ தர்மம் பண்றீங்கன்னு கும்பிட்டுட்டு இருந்தேன்."

அவர் பாதிக் காபியைக் கீழே வைத்தார். "வரேன் மேடம்" என்று என்னைப் பார்க்காமல் அனுஷாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏம்மா இப்படிப் பேசின?" என்றாள் அவள். எனக்கு வாயில் சனி.

ஜனவரி 15

அனுஷா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 16

காலையில் அவரிடமிருந்து செய்தி. "மேடம், நான் ரெண்டு வருஷமா புது வரிமுறையில இருக்கேன். வீட்டு நஷ்டத்துக்கு ஒரு பைசா கழிச்சதில்ல. தப்பா நினைக்க வேணாம்."

ஆபீஸில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பழைய முறையிலேயே இருந்திருந்தாலும் என்ன? நூறு ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து, அதில் முப்பது ரூபாய் வரி மிச்சம் பிடிக்கிற மடையன் எவனாவது உண்டா? போதாக்குறைக்கு அந்தக் கழிவுக்கே உச்ச வரம்பு இருக்கிறது. தினம் தினம் இதே கணக்கைப் போடுகிறவள் நான். தீபிகாவுக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? தெரியும். கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

பிப்ரவரி 1, சனி

பட்ஜெட். புது வரிமுறையில் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இப்போதும் வழியில்லை. தீபிகா போனில் புலம்பினாள். என் கட்சி ஜெயித்துவிட்டது. அந்தச் சலுகை கூடாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

பிப்ரவரி 2

ஆஸ்டின் டவுனுக்கு நேரிலேயே போனேன். மமதா கதவைத் திறந்தாள், "பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே வரச் சொன்னாள். முகத்தில் சிரிப்பில்லை.

நாகேஷ் சார் கோபப்பட்டிருந்தால் தேவலை. "உடுங்க மேடம். நீங்க சொன்னதுல ஒண்ணு நெஜம். அந்த வீடு நஷ்டந்தான். வாடகைய ஏத்து, இல்ல வித்துடுன்னு மமதா வருஷாவருஷம் சொல்லிகினே இருந்துச்சு. பொண்ணு படிச்சிகினு இருக்குது, பரீட்ச முடியட்டும்னு நாந்தான் தள்ளிப் போட்டுகினு இருந்தேன்."

"வாடகைய ஏத்துங்க சார். எப்படியாவது குடுக்கறேன்."

"வேணாம். இனிமே உங்ககிட்ட ஏத்திக் கேட்டா, பாத்தியா நான் சொன்னது சரிதான்னு உங்களுக்குத் தோணும். ஏத்தாம வுட்டா இவனுக்கு என்ன லாபமோன்னு தோணும். எனக்கு அது ஒத்துவராது. வித்துடறேன். பரீட்ச முடியறவரைக்கும் இருங்க."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா கன்னடத்தில் என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீடு பார்க்க வந்தார்கள், இளம் ஜோடி. இவர்களும் வாடகைக்கு விடத்தான் வாங்குகிறார்களாம். "என்ன வாடகை எதிர்பார்க்கலாம்?" என்று என்னிடமே கேட்டார்கள். எதிர் வீட்டு வாடகையைச் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

அனுஷா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30

பரீட்சை முடிந்தது, வீடு மாறிவிட்டோம். பொம்மனஹள்ளி. ஒரு படுக்கையறை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆபீஸுக்கு இரண்டு பஸ். அனுஷா இங்கேயே ஒரு பி.யு. காலேஜ் பார்த்துவிட்டாள். "பரவால்லம்மா" என்கிறாள். பரவாயில்லாமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாயந்தரம் நாகேஷ் சார் அட்வான்ஸ் பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். எல்லா ஓனரும் பிடிப்பார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. இவர் பிடிக்கவில்லை. முழுத் தொகையும் வந்திருக்கிறது.

இதில் அவருக்கு என்ன லாபம் என்று என் புத்தி உடனே கணக்குப் போட ஆரம்பித்தது. ஒன்றும் இல்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.