முயல் விமானிகள்

முரகாமி நகரம்
1943 மே 9

அன்புள்ள தம்பி தெய்ஜிக்கு,

எல்லாரும் சுகம். உப்புப் போட்ட சால்மன் மீன் அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

நீ வரைந்த கார்ட்டூன் படத்தைப் பள்ளி மண்டபத்தில் காட்டினார்கள். முயல்கள் விமானத்தில் போய் எதிரிக் கப்பல்களை மூழ்கடித்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பறந்துவிடும் போலிருந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் குனியோ அன்றிலிருந்து, கடற்படை விமானப் பயிற்சிக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

"பதினஞ்சு வயசுடா உனக்கு, செத்துப்போவே" என்றேன்.

"மாமா படத்துல ஒரு முயல்கூடச் சாகலியேம்மா" என்று சிரிக்கிறான்.

அவன் அப்பா இருந்திருந்தால் அதட்டியிருப்பார். நீ சொன்னால் கேட்பான். ஒரு வரி எழுது.

உன் அக்கா
மிசாவோ


தோக்கியோ
1943 மே 27

அன்புள்ள அக்கா,

மீன் வந்தது. இந்த முறை யாருக்கும் கொடுக்கவில்லை.

குனியோ சொன்னது மனத்தைக் குடைந்தது. அடுத்த படத்தில் ஒரு முயல் திரும்பி வராதபடி வரைந்தேன். கடற்படை அதிகாரி பார்த்துவிட்டு, "இதப் பார்த்தா எந்தப் பையன்யா படையில சேருவான்?" என்றார். அழித்துவிட்டேன்.

'போகாதே' என்று நான் எழுதி, அது யார் கையிலாவது சிக்கினால் எல்லாருக்கும் ஆபத்து. கவலைப்படாதே அக்கா. அவன் பயிற்சி முடிவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

உன் தம்பி
தெய்ஜி


தோக்கியோ
1945 நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

ஏப்ரலில் குனியோ இறந்த செய்தி வந்ததிலிருந்து எத்தனையோ கடிதம் போட்டுவிட்டேன். ஒரு பதிலும் இல்லை. என்மேல் கோபமா?

சண்டை முடிந்ததும் அந்தப் படங்களையெல்லாம் எரிக்கச் சொன்னார்கள், எரித்தோம். இப்போது அமெரிக்கர்கள் சமாதானத்தைப் பற்றிப் படம் கேட்கிறார்கள். பூனைக்குட்டிகள் வரைகிறேன். எனக்கு வேறென்ன தெரியும்?

புத்தாண்டுக்கு ஊருக்கு வரட்டுமா?

உன் தம்பி
தெய்ஜி


முரகாமி
1945 நவம்பர் 20

தெய்ஜி,

கடிதங்கள் எல்லாம் வந்தன.

வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, இதுதான் உங்கள் மகன் என்றார்கள். உள்ளே அஸ்திக்குப் பதில் ஒரு கூழாங்கல் இருந்தது. ஊரார் முன்னால் அழக் கூடாது என்று அன்று அழவில்லை. இனி அழலாம் என்கிறார்கள். வரவில்லை.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நம் அப்பாவின் சமாதி இங்கே இருக்கிறது. வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வா. கும்பிட்டுவிட்டுப் போ. ஆனால் என் வாசலில் நின்று கூப்பிடாதே. உன் குரல்தான் அவனுக்கும். கேட்டால் ஓடி வந்து கதவைத் திறந்துவிடுவேன்.

மிசாவோ