பொட்டுக்கு மேல் ஒட்டிய பிலிம்

மாப்ள,

இன்று காலை, இரண்டாவதாக வாங்கிய புது லாரியை நான்கு ரோட்டில் உன் கடை வாசலில் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஷாம்பு கலந்த தண்ணீரும், சுருள் பிரித்த பிலிமின் பசை நெடியும் சேர்ந்த வாசனை. உன் மச்சினன் குனிந்து நின்று, ரப்பர் கட்டையால் பிலிமுக்கு அடியிலிருந்த தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். நீதான் நிற்கிறாய் என்று நினைத்து, "மெதுவா தள்ளுடா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கப்போவதில்லை. படித்தாலும் பள்ளிக்கூடத்தில் செய்தது போல எழுத்துப் பிழையைத்தான் தேடுவாய்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ துபாயிலிருந்து லீவில் வந்து இறங்கியபோது லப்பைக்குடிக்காட்டில் உன் சொந்தக்காரர்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளி வரும், செண்டு வரும் என்று. நீயோ ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் மாமியார் ஜமுக்காளம் என்று நினைத்து ஆசையாகப் பிரிக்க, உள்ளே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள். "இதுக்கா எட்டு வருஷம் வெயில்ல கெடந்தீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். அங்கே புதுக் கார்களின் மூக்கில் பெயிண்ட் கீறாமலிருக்க இந்த பிலிமை ஒட்டுவதுதான் உன் வேலை என்பதை அவருக்குப் புரியவைக்க உனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதே வாரம்தான் என் லாரி நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து ஊருக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டியவனின் முதல் சொந்த வண்டி. மயில் கழுத்து நீலம். வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு ராத்திரி சாப்பாட்டைக்கூட அதைப் பார்த்தபடியே சாப்பிட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம். ஆலத்தியூருக்கு சிமெண்டு லோடுக்குப் போகிற வண்டிகளின் கதி எனக்குத் தெரியாதா? தூசி படியும், விடியற்காலையில் பனி இறங்கும், வெயில் ஏறியதும் அது அப்படியே இறுகிவிடும். கழுவினால் போகாது, சுரண்டினால் பெயிண்ட்டோடு வரும். போதாததற்கு அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து சில்லு தெறிக்கும். ஒரே வருஷத்தில் பத்து வருஷத்து வண்டி மாதிரி ஆகிவிடும்.

நீ வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தாய். "மாப்ள, இது மூஞ்சிய எங்கிட்ட குடு" என்றாய். உன் வீட்டுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாய். உனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. "ஆறு மாசத்துக்குள்ள திரும்பலைன்னா விசா செத்துடும். அதுக்குள்ள இந்தத் தொழிலு நம்ம ஊர்ல எடுபடுதான்னு பாக்கணும். எடுபடலைன்னா வாய மூடிக்கிட்டு பிளைட் ஏறிடறேன்."

டீ கொண்டுவந்த உன் மனைவி நிலைப்படியில் நின்றபடி என்னிடம்தான் சொன்னார். "அண்ணே, கல்யாணமாயி எட்டு வருஷம். கூட்டிப் பாத்தா பதினோரு மாசம்தான் கூட இருந்திருக்காங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீ டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாய். என் வண்டியின் முகம் இனி என் வண்டியின் முகம் மட்டுமல்ல என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ லேசுப்பட்டவன் இல்லை. புதுப் பெயிண்ட் முழுக்கக் காயாமல் பிலிம் போட்டால் தோலோடு உரிந்து வரும் என்று மூன்று வாரம் காக்க வைத்தாய். அதுவரை சிமெண்டு பக்கம் தலைவைக்காமல் வெங்காய மூட்டை ஏற்றி ஓட்டினேன். பிறகு ஒரு வியாழக்கிழமை முழுவதும் வண்டியைக் கழுவி, துடைத்து, பாடி முழுக்கத் தூசி ஒட்டாமலிருக்க ஒரு வெள்ளைக் குழம்பைத் தேய்த்துக் கோட்டிங் கொடுத்தாய். மறுநாள் முகப்புக்கு பிலிம். இருந்தது ஒரு சுருள்தான், அது முகப்புக்கு மட்டுமே போதும்.

இங்கேதான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மா வண்டிக்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, ஐந்து இடத்தில் பொட்டு வைத்துவிட்டார். ஒவ்வொன்றும் எட்டணா அளவு. நீ வரும்போது அது காய்ந்து கெட்டியாகிவிட்டது. நான் வேலையாகப் போய் மத்தியானம் வரை வெளியே இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் முகப்பு பளபளவென்று இருக்கிறது, ஐந்து பொட்டும் பிலிமுக்கு அடியில் மேடு மேடாக இருக்கின்றன. பொட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், சுற்றிலும் அவ்வளவு பக்குவமாக ஒட்டியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எட்டு வருஷம் தொழில் பார்த்தவனிடம் நான் என்ன கேட்பது? முதல் வேலை, மனசு நோகக்கூடாது. அங்கெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "சூப்பர் மாப்ள" என்றேன்.

மூன்று மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஆலத்தியூரில் லோடுக்கு வரிசை போட்டு நிற்கும் இடத்தில் என் வண்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சிமெண்டுத் தூசி மொத்தமும் வந்துவிடும். நான் வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும்போது இழுப்பேன். ஆறு லாரி வைத்திருந்த பூலாம்பாடி அண்ணன் மட்டும் மசியவில்லை. "துபாய் வெயிலு வேற, நம்ம சிமெண்டு வேற தம்பி. மழை பெய்யட்டும், பாப்போம்" என்றார். அவர் சரி என்றால் அந்த வரிசையில் பாதிப் பேர் உன்னிடம் வருவார்கள் என்று நம் இருவருக்குமே தெரியும்.

ஐப்பசி மழை பெய்தது. பொட்டு இருந்த இடத்தில் பிலிமின் ஓரத்துக்குள் எப்படியோ ஈரம் போய், குங்குமம் கரைந்து சிவப்பாகப் பரவி, ஐந்து இடமும் உப்பிக்கொண்டது. பூலாம்பாடி அண்ணன் கண்ணில்தான் முதலில் பட்டது. "அடடா, வண்டிக்கு அம்மை வாத்திருக்கு! வேப்பிலை கட்டி வூட்டுல படுக்க வைங்கப்பா" என்றார். விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர், "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் லோடு ஏத்தாத" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது.

நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. கடைவீதியில் பெரிய மாலையாக வாங்கி முகப்பில் தொங்கவிட்டேன். வாடினால் வேறு மாலை. "என்னப்பா, வண்டிக்குத் தினமும் கல்யாணமா?" என்று பூக்காரம்மா கேட்டார். நான் மறைத்தது பெயிண்ட்டை இல்லை மாப்ள. நீ பெட்டி கட்டிவிடுவாயோ என்ற பயத்தைத்தான் மறைத்தேன்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், நேராகப் போய் மாலையைத் தூக்கிப் பார்த்தாய்.

"எத்தன நாளா இப்டி இருக்கு?"

"பதினஞ்சு நாளா."

"ஏன்டா சொல்லல?"

"நீ போயிட்டா என்ன பண்றது?"

நீ மாலையைக் கழற்றித் திண்ணையில் வைத்தாய். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. "நீ ஏன்டா பொட்ட தொடைக்காம ஒட்டுன?" என்று கத்திவிட்டேன்.

"உங்கம்மா சாமி கும்புட்டு வெச்சதுடா. அதுல போயி நான் அழுக்குத் துணிய வெக்கிறதா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு வெளியே வந்துவிட்டார். "அடப் பாவிகளா! பொட்டு என்ன கல்வெட்டா? நாலு நாள்ல தானா உதுந்துபோறது. தொடச்சுப்புட்டு ஒட்டு தம்பி, அப்புறமா நான் வெச்சுக்கறேன்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்த கேக்குறதுக்கு என்ன, ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பெருநாள் பிரியாணி எனக்குத் தெரியும், பொங்கல் கரும்பு உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றைக் கேட்க உனக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். மரியாதை என்று நினைத்துச் செய்தோம். அந்த மரியாதைதான் வண்டியின் நெற்றியை அரித்தது.

ராத்திரியோடு ராத்திரியாக உரித்துவிட்டு, ஓசைப்படாமல் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றேன் நான். நீ கேட்கவில்லை. "எல்லாரும் அங்க தான பாத்தாங்க? அங்கயே உரிப்போம்" என்றாய். விசா முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. நீ உன் பிழைப்பை நாலு பேர் முன்னால் கூறு போடப் போகிறாய் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஆலத்தியூரில் வரிசையில் நிற்கும்போது நீ டீக்கடையில் ஒரு தூக்கு வெந்நீர் வாங்கிவந்தாய். பூலாம்பாடி அண்ணனை நீயே போய்க் கூப்பிட்டாய். "வாங்கண்ணே, அம்மைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்." கூட்டம் கூடிவிட்டது. நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "பிலிமு மேல தப்பில்ல. பொட்டு மேலயே ஒட்டிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது." நானும் சும்மா இருக்க முடியாமல், "பாத்துட்டு நானும் வாய தொறக்கல" என்றேன்.

பிலிமின் ஓரத்தில் வெந்நீரை ஊற்றி, நகத்தால் நெம்பி, மெல்ல மெல்ல இழுத்தாய். பிலிம் முழுசாகக் கையோடு வந்தது. ஐந்து இடத்தில் பெயிண்ட் வெந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. அதைத் தவிர மற்ற இடமெல்லாம் நாமக்கல்லில் நான் பார்த்த அதே நீலம், ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் அந்த விக்கிரமங்கலத்துக்காரரின் வண்டி நின்றது. என் வண்டி வந்த அதே மாதம் அதே பட்டறையில் பாடி கட்டியது. அதன் முகம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கல் தெறித்த தழும்பு, சிமெண்டு பிடித்த சொரசொரப்பு. யாரும் எதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

பூலாம்பாடி அண்ணன் அந்த வண்டியைத் தடவிப் பார்த்தார். என் வண்டியைத் தடவிப் பார்த்தார். உன் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன மாசம் பெயிண்டு அடிச்ச வண்டி ஒண்ணு எங்கிட்ட நிக்குது. அதுக்குப் போடு. பொட்டு வெக்காம எங்கூட்டுக்காரி வண்டிய எடுக்க விடமாட்டா. அதுக்கு என்ன பண்ணப் போற?"

"பிலிமுக்கு மேல வைங்கண்ணே. எத்தன வேணும்னாலும் வைங்க."

அவ்வளவுதான். துபாயிலிருந்து சுருள் வரவழைத்து நான்கு ரோட்டில் கடை போட்டாய், அன்றிலிருந்து அங்கே அதுதான் சட்டம்: முதலில் பிலிம், அப்புறம் பூஜை. விசா செத்த அன்றைக்கு நீ பூலாம்பாடி அண்ணனின் இரண்டாவது வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "மாப்ள, இன்னைக்குத் தேதி என்ன?" என்று கேட்டேன். "தெரியும். மூடிக்கிட்டு அந்தத் துணிய எடு" என்றாய். எனக்குக் கண் கலங்கியது, துணியைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் நீ ஊரில் இருந்தாய். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியவன் நான்கு ரோட்டில் நீ ஒருவன்தான். எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்!

ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவன், ஆட்டோ வருவதற்குள் உன் வீட்டிலேயே, உன் மனைவி மடியிலேயே போய்விட்டாய். எனக்குச் செய்தி வந்தபோது விக்கிரமங்கலத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது நானும் பின்னால் வந்தேன். அடக்கம் செய்யும் இடத்தின் கேட்டுக்கு வெளியே எங்கள் லாரிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே போகலாமா, கூடாதா, யாருக்கும் தெரியவில்லை. மரியாதையாக ஒதுங்கி நிற்பதுதான் முறை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பூலாம்பாடி அண்ணன்கூட துண்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். "ஐயா, நான் அவன்கூடப் படிச்சவன். நான் மண்ணு போடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். "இதுல என்ன கேள்வி? வாங்க, உங்களுக்கு இல்லாத உரிமையா" என்றார். பிறகு கேட்டுப் பக்கம் திரும்பி, "ஏன் அங்கயே நிக்கிறீங்க? எல்லாரும் உள்ள வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

என் இரண்டு கையாலும் அள்ளி உனக்கு மண் போட்டேன், மாப்ள.